தாமதத்துக்குக் காரணம்

பஹாவ் சாலையில், செம்பனை ஆலை வாசலில்
எடைமேடைக் கண்ணாடி அறைக்குள் இருந்தேன்.
மாலை ஏழு நாற்பத்தொன்று.
மேடைமேல் தனசீலனின் லோரி,
குலைகளின் முள்ளிடுக்கில் மத்தியான மழை.
பழத்துக்குக் காசு கொடுக்கச் சொன்னா
தண்ணிக்குக் காசு கழிக்கிறியே என்று
சன்னல் ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினான்.
நாற்பது கிலோ.
பதினொரு வருடப் பழக்கம்
அந்த நாற்பது கிலோவின் அடியில்
நசுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவன் முகம் பச்சையானது.

கோபத்தில் சிவக்கிற முகம் எனக்குத் தெரியும்.
இது வேறு.
மூக்கின் நிழல் இந்தக் கன்னத்தில் புறப்பட்டு
அந்தக் கன்னத்துக்கு நடந்துபோனது.
பாதி சொன்ன கெட்ட வார்த்தை
பல்லிலேயே நின்றுவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.
கொதிகலன் புகைபோக்கிக்கு மேலே
பட்டறையில் வெல்டிங் வைப்பார்களே,
வெறுங்கண்ணால் பார்க்காதே என்று விரட்டுவார்களே,
அந்த வெளிச்சம்.
வெறுங்கண்ணால்தான் பார்த்தேன்.
அவசரமே இல்லாமல் செர்த்திங் பக்கம் இறங்கியது.
ஒன்று மூன்றானது.
இரண்டு சட்டென்று போயின.
மூன்றாவது மட்டும் சிவந்து,
கொஞ்சம் யோசித்து,
அணைந்தது.

காவலுக்கு நின்ற லோக் பகதூர்
தொப்பியைக் கழற்றியிருந்தான்.
பின்னால் ஆறு லோரி.
ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான்
சத்தம் வந்தது,
பக்கத்து மாநிலத்தில் யாரோ
இரும்புக் கதவை இழுத்துச் சாத்தியதுபோல்.
தகரக் கூரை உதறிக்கொண்டது.
எடை காட்டும் சிவப்பு எண்கள்
இருபது கிலோ ஏறி இறங்கின.
இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.
நானும் இப்போது வற்புறுத்துவதில்லை.

மறுநாள் கோப்பிக்கடையில்
அது ஆகாய விமானம்,
ராக்கெட்டின் வால்,
யாரோ ஏவிய ஏவல்.
எது என்று முடிவாகும் முன்னே
லோரியின் நம்பர் தட்டு முடிவாகிவிட்டது.
ஆறு ஒன்று ஏழு இரண்டு.
பத்து மணிக்குள் நம்பர் கடையில்
அந்த எண் விற்றுத் தீர்ந்தது.
காலையில் வந்து மெதுவாகக் கேட்டாள்
கெந்திங் பிரிவு சுசீலாமணி:
அப்போது எடை என்ன காட்டியது, கடைசி நாலு எண் சொல்லேன்.
ஞாயிற்றுக்கிழமை
ஆறுதல் பரிசில்கூட எதுவும் வரவில்லை.

மேலாளர் பாரத்தை நீட்டினார்.
தாமதம்: பதினான்கு நிமிடம். காரணம்?
இயந்திரக் கோளாறு, மின்தடை, மழை, மற்றவை.
மற்றவைக்கு நேரே
நாலு விரற்கடை நீளத்துக்கு ஒரு கோடு.

எழுதுவதற்கு முன்
கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தேன்.
அது தரையைப் பார்க்கிற கேமரா,
நம்பர் தட்டுகளுக்காக வைத்தது.
வானம் அதில் ஒரு துண்டுகூட இல்லை.
நிழல்கள்தான்:
கம்பத்தின் நிழல், லோரியின் நிழல், பகதூரின் நிழல்
எல்லாம் ஒரே திசையில் சுழன்று
அரைநாள் வெயிலை
ஐந்து நொடியில் அளந்து முடித்தன.
தலை நிமிர்ந்து அசையாமல் நிற்கும் என்னை
என் நிழல் பாதி சுற்றி வந்து
டயர்வரை நீண்டு
காணாமல் போகிறது.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.
என் வலக்கை
தனசீலனின் சட்டையைப் பிடித்திருக்கிறது,
தோளுக்குக் கீழே, இறுக்கி.
எப்போது பிடித்தேன், எப்போது விட்டேன்,
ஞாபகமில்லை.
அவனுக்கு இருக்குமோ என்னவோ.
கேட்கவில்லை.

மழை என்று குறியிட்டேன்.
மழை மூன்று மணிக்கே விட்டிருந்தது.
மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

நேற்று மறுபடி அவன் லோரி, மறுபடி ஈரக் குலை.
முப்பது கிலோ கழித்தேன்.
ஓட்டையில் வாயை வைத்துத் தொடங்கினான்,
வழக்கமான சுதியில்.
நடுவில் நிறுத்தி
புகைபோக்கிப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.
புகைதான் இருந்தது.

சரி, எழுது, என்றான்.